எஸ் அலைக்காகக் காத்திருந்தால் அலாரம் எதற்கு?

கேள்வி சுருக்கமாக இதுதான். கோயமுத்தூர்ப் பக்கம் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி நிலநடுக்க முன்னெச்சரிக்கைக் கருவியை ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறார். அதிர்வை அளக்க எம்பியு6050 சென்சார், கணக்குப் போட இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு. "முதல்ல பி அலை வருது, அப்புறம் எஸ் அலை வருது, நடுவுல இருக்கற நேரத்த வச்சு தூரத்தக் கணக்குப் போட்டு அலாரம் அடிக்கோணும். எது பி, எது எஸ்னு சீக்கிரமா எப்படிங்க கண்டுபிடிக்கறது?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, கேள்வி நல்ல கேள்வி, ஆனால் திட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை முதலில் அடைத்துவிடலாம். ஆட்டி இடிப்பது பெரும்பாலும் எஸ் அலையும் அதற்குப் பின்னால் வரும் மேற்பரப்பு அலைகளும்தான். எஸ் வந்ததும் தூரத்தைக் கணக்குப் போட்டு அலாரம் அடித்தால், அலாரம் அடிக்கும்போது ஃபேன் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும்.

பாடப்புத்தகக் கணக்கு சரிதான், அதில் குறையில்லை. மேலோட்டுப் பாறையில் பி அலை நொடிக்குச் சுமார் 6 கி.மீ., எஸ் அலை சுமார் 3.5 கி.மீ. வேகத்தில் போகின்றன. காந்திபுரத்தில் ஒரே நேரத்தில் கிளம்பிய பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸும் டவுன் பஸ்ஸும் மாதிரி, எவ்வளவு தூரம் தள்ளி நின்று பார்க்கிறோமோ அவ்வளவுக்கு இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். அந்த இடைவெளி நொடிகளை எட்டால் பெருக்கினால் தூரம் ஏறக்குறைய கிலோமீட்டரில் வந்துவிடும். நிலநடுக்கம் முடிந்த பிறகு மையத்தைக் கண்டுபிடிக்க இது அருமையான வழி. அது வந்துகொண்டிருக்கும்போது இதை நம்பி உட்கார முடியாது.

நம்ம ஊருக்கே ஒரு கணக்குப் போடலாம். கோயமுத்தூருக்கு இது கற்பனை பயம் இல்லை, 1900 பிப்ரவரி 8 அன்று இந்தப் பகுதியில் வந்த நிலநடுக்கத்தின் அளவைச் சுமார் 6 என்று பின்னாளில் மதிப்பிட்டிருக்கிறார்கள். தென்னிந்தியாவில் பரவலாக உணரப்பட்டது அது. 2002-இல் வந்த நிலநடுக்க மண்டல வரைபடத்திலும் கோயமுத்தூர் மூன்றாம் மண்டலத்தில்தான் இருந்தது. சரி, அதே அளவு ஒன்று கேரள எல்லையிலுள்ள வாளையாருக்கு அடியில் 10 கி.மீ. ஆழத்தில் உடைகிறது என்று சும்மா வைத்துக்கொள்வோம். கோயமுத்தூரில் இருக்கும் உங்கள் சென்சாருக்கு நேர்க்கோட்டில் சுமார் 27 கி.மீ. பி அலை நாலரை நொடியில் வந்துவிடும், எஸ் ஏழே முக்கால் நொடிக்குள் வந்துவிடும். மொத்தமே உங்களிடம் இருப்பது மூன்று நொடி, சொச்சம். பி-யை மட்டும் பார்த்து இரண்டு நொடியில் முடிவெடுத்தால் ஒரு நொடி மிஞ்சும். எஸ்ஸுக்காக நின்றால் ஒன்றும் மிஞ்சாது.

ஆக, பி-யையும் எஸ்ஸையும் பிரிப்பது இரண்டாவது வேலை. முதல் அரை நொடியில் "இது பி அலையா, இல்லை ரோட்டில் போகும் டாரஸ் லாரியா" என்று தெரிந்துகொள்வதும், அடுத்த இரண்டு மூன்று நொடியில் "இது பெரிசா, சின்னதா" என்று தெரிந்துகொள்வதும்தான் முதல் வேலை. எஸ்ஸை அடையாளம் காண்பது தேவையில்லை என்று சொல்லவில்லை. அது வேறொரு காரணத்துக்குத் தேவை, வருகிறேன்.

முதலில் பிடிப்பது. எல்லோரும் தொடங்குவது 1978-இல் ரெக்ஸ் ஆலன் என்ற நிலநடுக்க ஆய்வாளர் எழுதிய வழியின் ஏதாவது ஒரு வடிவத்தில்தான்: கடைசி அரை நொடி அல்லது ஒரு நொடியின் சராசரி அதிர்வை, கடைசி 30 நொடியின் சராசரியால் வகுப்பது. சும்மா இருக்கும்போது விகிதம் ஒன்றை ஒட்டி நிற்கும், ஏதாவது வந்தால் ஏறும், நாலைத் தாண்டினால் "வந்துருச்சு" என்று குறித்துக்கொள்ளலாம். ரொம்ப எளிது, இஎஸ்பி32-இல் இரண்டு மாறிகளை வைத்து எழுதிவிடலாம், இன்றைக்கும் உலகத்தில் பல இடங்களில் ஓடுவது இதுதான். குறை என்னவென்றால் இதற்கு எது வந்தது என்று தெரியாது, ஏதோ வந்தது என்று மட்டும்தான் தெரியும்.

இந்த இடத்தில் கொங்கு நாட்டுக்கே உரிய தொந்தரவு ஒன்று. பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிக்கூடம் இல்லாத தெருவே கிடையாது. சாதாரணத் தறி நிமிடத்துக்கு நூறுக்கு மேல் அடிக்கிறது, அதாவது நொடிக்கு இரண்டு அடி வாக்கில். நிலநடுக்க அலையைத் தேடுகிற அலைவரிசையின் நட்டநடுவில் போய் அது உட்கார்ந்துகொள்கிறது, ஃபில்டர் போட்டு வெட்டவும் முடியாது, வெட்டினால் தேடுகிற பொருளும் சேர்ந்து போய்விடும். தறிக்கூடத்தை ஒட்டிய ஒரு வீட்டில் சென்சார் வைத்துப் பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். தறி ஓடிக்கொண்டே இருந்தால் பெரிய பிரச்சினை இல்லை, 30 நொடிச் சராசரி உயர்ந்து போய்க் கருவி மந்தமாகிறது, அவ்வளவுதான். வம்பு கரண்ட் போய் வரும்போது. எல்லாத் தறியும் நிற்கிறது, சராசரி கீழே இறங்கிவிடுகிறது, கரண்ட் வந்ததும் ஒவ்வொரு தறியாக ஓட்ட ஆரம்பிக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் விகிதம் ஒரு படி எகிறுகிறது, கருவி அதை நிலநடுக்கம் என்று நினைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கத்துகிறது.

இதிலிருந்து தப்பிக்கும் வழிதான் நீங்கள் கேட்ட அலை அடையாளத்துக்கும் வழி. பி அலையில் பாறை, அலை போகும் திசையிலேயே முன்னும் பின்னும் நெருங்கி விரிகிறது. எஸ் அலையில் அந்தத் திசைக்குக் குறுக்கே ஆடுகிறது. அலை ஆழத்திலிருந்து மேலே வரும்போது, மேலே போகப்போகப் பாறையில் அலையின் வேகம் குறைவதால் அதன் பாதை செங்குத்தாக வளைந்து வருகிறது. அதனால் பி மேலும் கீழுமாகத் தூக்கிப் போடும், எஸ் பக்கவாட்டில் உலுக்கும். மூன்று அச்சு சென்சாரில் செங்குத்து அச்சின் ஆற்றலைக் கிடைமட்ட அச்சுகளின் ஆற்றலோடு ஒப்பிட்டால் முதல் அரை நொடியிலேயே ஒரு துப்புக் கிடைத்துவிடும். தறி பெரும்பாலும் கிடைமட்டமாக உதைக்கிறது, ஆகவே அந்தப் பதிவில் இந்த ஒரு சோதனையிலேயே பாதிக்கு மேல் கழிந்துபோனது.

ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஜப்பான் மாதிரி வண்டல் மண் ஆழமாகப் படிந்த இடத்தில் பாதை நன்றாக வளைந்து வரும். இங்கே சில இடங்களில் கிணறு தோண்டினாலே சீக்கிரம் பாறை தட்டுகிறது, மேல்மண் மெல்லிசு, அதனால் பாதை அந்த அளவுக்கு வளையாது, பி அலை சாய்வாகவே வந்து சேரும், கிடைமட்டத்திலும் அதன் பங்கு கணிசமாகத் தெரியும். இந்த மாதிரி இடத்துக்கு நேர்கோட்டுத்தன்மை என்கிற சோதனை மேலானது. மூன்று அச்சுகளின் அரை நொடித் தரவை எடுத்து மூன்றுக்கு மூன்று கோவேரியன்ஸ் அணி (அச்சுகள் எப்படிச் சேர்ந்து ஆடுகின்றன என்று காட்டும் அட்டவணை) போட்டு, அதன் ஐகன் மதிப்புகளைப் பாருங்கள், ஒன்றுக்கொன்று குறுக்கான மூன்று திசைகளில் ஆட்டம் எவ்வளவு என்று அவை சொல்லும். ஒன்று மட்டும் பெரிதாகவும் மற்ற இரண்டும் சின்னதாகவும் இருந்தால் தரை ஒரே கோட்டில் ஆடுகிறது, பி என்று நம்பலாம். அந்தக் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதிலிருந்து அலை எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் தோராயமாகக் கிடைக்கும். பிறகு வரும் எஸ், இந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஆடும், வீச்சும் பல மடங்கு எகிறும், அலைவு நேரமும் நீளும். கணக்குப்படி எஸ்ஸின் வீச்சு பி-யைப் போல ஐந்து மடங்கு வாக்கில் இருக்கும், வேக விகிதத்தின் மும்மடிப் பெருக்கம் அது.

இப்போது எஸ் ஏன் தேவை என்பதற்கு வருகிறேன். முதல் காரணம், ஒரு நிலநடுக்கம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பி அலையை அனுப்பாது. சில திசைகளில் அது ரொம்பப் பலவீனமாகப் போகும். உங்கள் சென்சார் அந்தத் திசையில் இருந்தால் பி இரைச்சலுக்குள் நழுவிவிடும், கருவி முதலில் பிடிப்பதே எஸ்ஸாக இருக்கும், ஆனால் அதைப் பி என்று நினைத்துக்கொள்ளும். அளவு கணிப்பதற்கான சூத்திரங்கள் எல்லாம் பி-க்காகச் செய்தவை, எஸ்ஸின் வீச்சைப் போட்டால் அளவு தாறுமாறாகக் கூடிவிடும். இரண்டாவது காரணம், பக்கத்து நிலநடுக்கம். சுமார் 25 கி.மீ.க்கு உள்ளே என்றால் பி வந்து மூன்று நொடிக்குள் எஸ்ஸும் வந்துவிடும். மூன்று நொடி பி-யை அளக்கிறேன் என்று நீங்கள் எடுக்கும் துண்டில் பின்பாதி எஸ்ஸாக இருக்கும். ஆகவே எஸ் வந்ததும் அந்த இடத்தில் துண்டை வெட்டிவிட வேண்டும், ஒரு நொடித் தரவுதான் மிஞ்சியது என்றால் அந்த ஒரு நொடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எஸ் இல்லாமல் அளவையும் தூரத்தையும் எப்படிக் கணிப்பது? இங்கேதான் விஷயம் அழகாக இருக்கிறது. பெரிய நிலநடுக்கம் நீளமான பிளவில் உடைகிறது, உடைந்து முடிய நேரம் எடுக்கிறது, ஆகவே அதன் பி அலையின் ஆரம்பமே நிதானமான அலைவாக இருக்கும். சின்னது படபடவென்று வேகமாகத் துடிக்கும். முதல் மூன்று நொடியில் திசைவேக வர்க்கத்தின் கூட்டுத்தொகையை இடப்பெயர்ச்சி வர்க்கத்தின் கூட்டுத்தொகையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் இரண்டு பை-யை வகுத்தால் ஒரு சராசரி அலைவு நேரம் கிடைக்கும். கனமோரி, வூ என்ற ஆய்வாளர்கள் பரவலாக்கிய அளவு இது, டவ்-சி என்பார்கள். அது ஒரு நொடியைத் தாண்டினால் நிலநடுக்கம் பெரிது. அதே மூன்று நொடியில் தரை அதிகபட்சம் எவ்வளவு நகர்ந்தது என்பது இன்னொரு அளவு. அது அரை சென்டிமீட்டரைத் தாண்டினால் இந்த இடத்துக்கு வரப்போகும் ஆட்டம் சேதம் செய்யக்கூடியது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து தாண்டினால் யோசிக்காமல் அலாரம் அடியுங்கள். இந்த இரண்டாவது அளவு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் மையம் எங்கே, தூரம் எவ்வளவு என்று ஒன்றுமே தெரியாமல் "இங்கே என்ன ஆகும்" என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது.

தூரத்துக்கு ஜப்பான்காரர்கள் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். பக்கத்து நிலநடுக்கத்தின் பி சட்டென்று செங்குத்தாக ஏறும், தூரத்தில் வந்தது மெதுவாகச் சாய்வாக ஏறும். அந்த ஏற்றத்தின் சரிவை வைத்தே ஒரே நிலையத்திலிருந்து தூரத்தைக் கணிக்கிறார்கள். அதற்கும் முன்பே, 1990-களின் தொடக்கத்தில், நகாமுராவின் யுரெடாஸ் என்ற அமைப்பு ஒற்றை நிலையத்தின் பி அலையை மட்டும் பார்த்து ஷிங்கன்சென் அதிவேக ரயில்களை நிறுத்தும் வேலைக்கு வந்துவிட்டது.

மூன்று நொடிக்கு ஒரு எல்லை உண்டு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் வந்த பெரும் நிலநடுக்கத்தின்போது ஜப்பான் வானிலை நிறுவனம் பி அலையைப் பிடித்த 8.6 நொடியில் பொது எச்சரிக்கை கொடுத்தது, வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அளவை 7.2 என்று கணித்தது, உண்மை 9.0. பிளவு இரண்டு நிமிடத்துக்கு மேல் உடைந்துகொண்டே போகும்போது முதல் சில நொடிகளுக்கு அது எங்கே போய் நிற்கும் என்று எப்படித் தெரியும்? டோக்கியோ பக்கத்துக்கு எச்சரிக்கை விரியாமல் போனது இதனால்தான். நமக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை, இங்கே பேசுவது 6 அளவைச் சுற்றி, அது சில நொடியில் உடைந்து முடிந்துவிடும்.

மறு பக்கமும் நடந்திருக்கிறது. 2016 ஆகஸ்ட் 1 அன்று அதே அமைப்பு டோக்கியோ விரிகுடாவில் 9.1 என்று கணித்துவிட்டுச் சில நொடியில் ரத்துசெய்தது. ஒரே ஒரு நிலையத்தில் வந்த மின்சார இரைச்சல்தான் காரணம். இதைப் படிக்கும்போது எனக்கு நம்ம ஊர் கரண்ட்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே ஒரு சென்சாரோடு நிறுத்தாதீர்கள். கூட்டாளிகள் இருவர் வீட்டிலும் ஆளுக்கொன்று வையுங்கள். பல்லடத்துக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே 45 கி.மீ. என்று வைத்தால், உண்மையான பி அலை இரண்டையும் ஏழரை நொடிக்குமேல் இடைவெளி விட்டுத் தொடவே முடியாது. அதற்குமேல் போனால் இரண்டும் வேறு வேறு சங்கதி. மூன்று இடத்திலும் மில்லிநொடி பிசகாமல் ஒரே கணத்தில் வந்தால் அதையும் சந்தேகியுங்கள், அது தரை வழியாக வந்ததில்லை, ஈபி லைன் வழியாக வந்தது. நேரத்தை என்டிபி (இணையம் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) வைத்துச் சரிபார்த்தாலே போதும், 50 மில்லிநொடிப் பிழை என்பது வெறும் 300 மீட்டர். மூன்று நிலையமும் பிடித்த பிறகுதான் அடிப்பேன் என்று வைத்தால் நேரம் போய்விடும், அதனால் ஒன்று பிடித்ததும் "தயார்", இரண்டு பிடித்ததும் "அடி" என்று வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கல் குவாரி வெடி தனிக்கதை. அதுவும் உண்மையான பி அலையைத்தான் அனுப்புகிறது, நேர்கோட்டுச் சோதனையில் ஜம்மென்று பாஸாகிவிடும். ஆனால் வெடி எல்லாத் திசையிலும் வெளியே தள்ளுகிறது, அதனால் எல்லா நிலையத்திலும் முதல் அசைவு மேல்நோக்கியே இருக்கும், எஸ் மங்கலாக வரும். நிலநடுக்கத்தில் ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் இழுக்கும். உங்கள் அலாரத்துக்கு இவ்வளவு நுணுக்கம்கூட வேண்டாம், வெடியின் அலைவு நேரம் குட்டையாக இருக்கும், டவ்-சி அதைக் கழித்துவிடும். போர்வெல் வண்டியும் அப்படித்தான், சுத்தியல் நொடிக்கு இருபது முப்பது அடி அடிக்கிறது, 10 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டினால் போய்விடும்.

சென்சார் பற்றி ஒரு வார்த்தை. எம்பியு6050-இன் சொந்த இரைச்சலே 10 ஹெர்ட்ஸ் அகலத்தில் புவியீர்ப்பின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிடுகிறது. பெரிய நிலநடுக்கத்தின் எஸ்ஸை அது பிடிக்கும், பி-யின் மெல்லிய ஆரம்பத்தைத் தவறவிடும், அதாவது எஸ்ஸைப் பி என்று நினைத்துக்கொள்ளும், மேலே சொன்ன அந்தத் தவறை அதுவே உற்பத்தி செய்யும். ஏடிஎக்ஸ்எல்355 என்ற சென்சாரை வாங்குங்கள், விலை கூடத்தான், ஆனால் இரைச்சல் பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதை மேசைமேல் வைக்காமல் தரைத்தளத்தில் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள். இரண்டாவது மாடியில் வைத்தால் கட்டடத்தின் ஆட்டத்தைத்தான் அளப்பீர்கள்.

எழுதும்போது நிறையப் பேர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: சைபை என்ற பைதான் நூலகத்தில் ஃபில்ட்ஃபில்ட் என்கிற ஃபில்டரைப் போட்டுப் பதிவுகளைச் சுத்தம் செய்துவிட்டு, "பாருங்க, பி-யை அரை நொடி முன்னாடியே பிடிச்சுட்டேன்" என்பார்கள். அந்த ஃபில்டர் முன்னும் பின்னுமாக இரண்டு தடவை ஓடுகிறது, வரப்போகும் ஆற்றலைப் பின்னோக்கிக் கசியவிடுகிறது. நேரலையில் எதிர்காலம் உங்கள் கையில் இல்லை. ஒரே திசையில் ஓடும் ஃபில்டரை மட்டும் வைத்துச் சோதியுங்கள். மெஷின் லேர்னிங்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஃபேஸ்நெட், ஈக்யூடிரான்ஸ்ஃபார்மர் மாதிரி மாடல்கள் எல்லாம் பி, எஸ் இரண்டையும் பிரமாதமாகப் பிரிக்கின்றன, ஆனால் அவை பழகியது அரை நிமிடம், ஒரு நிமிடம் நீளமுள்ள பதிவுகளில், பி-க்குப் பிறகு என்ன வந்தது என்பதையும் பார்த்துத்தான் சொல்கின்றன. பி வந்து அரை நொடிதான் ஆனது, அதற்கப்புறம் ஒன்றுமில்லை என்ற நிலையில் என்ன சொல்கின்றன என்பதைத் தனியாகச் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். வாளையார்க் கணக்கையே தொடர்ந்தால், மையத்திலிருந்து 15 கி.மீ.இல் ஒரு சென்சார், மூன்று நொடித் தரவு, கணக்குக்கும் செய்தி போய்ச்சேரவும் இரண்டு நொடி என்று வைத்தால், ஏழரை நொடியில் எச்சரிக்கை கிளம்பும். கோயமுத்தூருக்கு அப்போது எஸ் வாசலில் நிற்கும். சுமார் 65 கி.மீ. தள்ளியுள்ள திருப்பூருக்குப் பதினொரு நொடி வாக்கில் கிடைக்கும், ஈரோட்டுக்கு இருபதுக்கு மேல், ஆனால் அங்கே ஆட்டம் தணிந்திருக்கும். நேரம் தேவைப்படும் ஊருக்கு நேரம் இல்லை, நேரம் உள்ள ஊருக்குத் தேவை குறைவு. மெக்சிகோ நகரத்துக்கு நூறு கி.மீ.க்கும் மேலே தள்ளி 2017 செப்டம்பர் 19-இல் வந்த 7.1 நிலநடுக்கத்தின்போதுகூட, சைரனும் ஆட்டமும் பல இடங்களில் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்தன. மெக்சிகோவின் எச்சரிக்கை அமைப்பு கடலோரத்து நிலநடுக்கங்களை மனதில் வைத்துக் கட்டியது. இங்கே ஒரு சில நொடிக்குள் மனிதர் எழுந்து ஓடுவதை நம்பாதீர்கள், ரிலே வைத்துச் செய்யக்கூடிய வேலையைப் பாருங்கள்: லிஃப்ட் அடுத்த மாடியில் நின்று கதவு திறப்பது, சாயப்பட்டறை பாய்லரின் எரிபொருள் வால்வு மூடுவது, ஸ்பின்னிங் மில்லில் மெயின் டிரிப் ஆவது. ப்ராஜெக்ட் டெமோவுக்கும் இதுதான் எடுபடும்.

சோதிக்க நிலநடுக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் அமைத்த கே-நெட் பதிவுகளைப் பெயர் பதிந்து இலவசமாக இறக்கலாம், அளவு 5 முதல் 7 வரை 100 கி.மீ.க்கு உட்பட்டவற்றை எடுங்கள். உங்கள் சென்சாரை ஒரு வாரம் ஓடவிட்டு நம்ம ஊர் இரைச்சலைப் பதிவுசெய்யுங்கள், தறி ஓடும் நாள், ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் போய் வந்த நேரம், நோம்பி வெடி எல்லாம் அதில் வர வேண்டும். இரண்டையும் கூட்டிக் கருவிக்குள் ஊற்றி, எத்தனை பி தப்பியது, எத்தனை பொய் அலாரம் என்று எண்ணுங்கள். அந்தப் பட்டியலோடு வாருங்கள், வரம்பு எண்களை எங்கே வைப்பது என்று அப்போது உட்கார்ந்து பேசலாம்.